தண்டையார்பேட்டை வீட்டு சீலிங்: மொட்டை மாடி மேல் விழுந்த வீண்பழி

சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேட்டுப் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும். முன்கட்டு பழைய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய கூரை), பின்கட்டு பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் தளம். பின்கட்டின் மாடிப் படுக்கையறைக்கு ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். 2024 ஜூனில் சீலிங் பழுது பார்க்க எங்களைக் கூப்பிட்டபோது, ஜன்னல் ஓரமாக இரண்டடி அகலத்துக்குப் பழுப்புக் கறை. அதன் நடுவில் போர்டு ஒரு விரற்கடைக்குத் தொய்ந்து நின்றது. அது போதாதென்று ஃபேன் ராடைச் சுற்றி விரிசல் கிளைவிட்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "மிக்ஜாம் புயல்லதான் தம்பி ஆரம்பிச்சுது. மேல ஒழுவுதுன்னு மொட்டை மாடி பூரா கூலிங் டைல்ஸ் ஒட்டினோம். அப்பால பெயின்டர் வந்து கறை மேல பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வச்சு வெள்ளை அடிச்சாரு. சித்திரைல திரும்பவும் வந்துடுச்சு. இப்ப இன்னாடான்னா தொங்குது."

இதில் ஒன்று இடித்தது. சித்திரையில் சென்னையில் ஏது மழை? இந்த ஊருக்கு ஆண்டு முழுக்கப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மொட்டை மாடிதான் ஒழுகுகிறது என்றால் கறை டிசம்பரில் வந்து, மாசி பங்குனியில் காய்ந்து, அப்படியே கிடந்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் பெரிதாகியிருக்கக் கூடாது. கூலிங் டைல்ஸுக்குச் செலவழித்த பணத்தை நினைத்து அந்த அம்மாவிடம் இதை உடனே சொல்ல மனம் வரவில்லை. "அந்த மாசம் ராத்திரியில ஏசி எவ்வளவு நேரம்மா ஓடும்?" என்று மட்டும் கேட்டேன். "விடிய விடிய ஓடும். இல்லன்னா எப்டி தூங்குறது?" என்றார்.

திறந்து பார்த்தபோது

எதையும் தொடுவதற்கு முன் அந்த அறைக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, சீலிங்கில் இருந்த எல்ஈடி லைட்டுகளைக் கழற்றினோம். ஈரமான போர்டு, அதற்கு மேல் வயர், கீழே அலுமினிய ஏணியில் ஒரு ஆள் என்றால் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. தொய்ந்த இடத்துக்கு நேர் கீழே வாளியை வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து. ஒரு சொம்பு அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் இறங்கியது. மழை பெய்யாத வாரம் அது.

கறையை அருகில் போய்ப் பார்த்தால் டீ கிளாஸ் வைத்து எடுத்த மேசை போல வளையத்துக்குள் வளையம். ஒரே தடவை நனைந்திருந்தால் ஒரு விளிம்புதான் இருக்கும். பல வளையம் என்றால் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் ராத்திரி ஓடிப் பகலில் நிற்கும் ஏதோ ஒன்றோடுதான் இது பொருந்தும்.

பார்ப்பதற்கான துளையைக் கறையின் நடுவில் போடவில்லை, ஓரத்தில் போட்டோம். நடுப்பகுதி எப்படியும் உதிரப் போகிறது. ஓரத்தில் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியும். போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கையோடு உள்ளே நுழைத்துச் சுற்றிக் காட்டி எடுத்தால் போதும். இதற்கென்று தனிக் கேமரா எல்லாம் தேவையில்லை.

மேலே கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதி காய்ந்து கிடந்தது. ஓதம் இல்லை, உப்புப் பூத்த வெள்ளை இல்லை, கம்பித் துரு வடிந்த கோடும் இல்லை. ஆனால் ஏசியிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போகும் குழாய்கள் சீலிங்குக்குள்ளேயே ஓடின. செம்புக் குழாயின் மேல் சுற்ற வேண்டிய கறுப்பு ஃபோம், ஜாயின்டுக்கு ஒரு சாண் முன்பே நின்றுபோயிருந்தது. ஜாயின்டு அம்மணமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் தண்ணீர் போகும் நெளி ஹோஸ், சீலிங்கைத் தாங்கும் இரண்டு இரும்புச் சேனல்களுக்கு நடுவே தொப்பை போட்டுத் தொங்கியது.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், மே மாதக் காற்றில் ஈரம் மிக அதிகம். 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் அது முத்து முத்தாக வியர்த்துவிடும். ஏசியிலிருந்து வாயு திரும்பும் குழாய் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஃபோம் இல்லாத அந்த ஒரு சாண், விடிய விடிய சொட்டியிருக்கிறது. ஹோஸின் கதை தனி. ஒன்றரை டன் ஏசி ஒன்று இந்த ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் வடிக்கும். அது வெளியே போக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும். தொப்பையில் தேங்கிய தண்ணீர் பாசி பிடித்து அடைத்துக்கொண்டால் பின்னால் வருவது எங்கே போகும்? ஏசி தட்டில் ஒரு மக் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் ஹோஸின் இணைப்பிலிருந்து நீலம் கசிந்து, சேனலின் முதுகில் ஓடி, நாலடி தள்ளி ஒரு ஸ்க்ரூ வழியாகக் கறையின் நடுவில் வந்து சொட்டியது. சீலிங்கில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடினால் இதனால்தான் ஏமாந்து போகிறோம்.

அப்படியானால் மிக்ஜாம்? அதற்கும் விடை அதே குழாயில் இருந்தது. குழாய் வெளியே போகும் சுவர்த் துளையை உள்பக்கம் சாய்வாகப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் எதுவும் அடைக்கவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் காற்றோடு அடித்த மழை அந்தத் துளை வழியே உள்ளே புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் மழைநீர், கோடையில் அதே துளை வழியாக ஈரக்காற்று. இரண்டு பருவத்திலும் கறை ஒரே இடத்தில் வந்ததால் எல்லோரும் மாடியைத் திட்டியிருக்கிறார்கள்.

இருந்தாலும் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. மழைநீர்க் குழாய் வாயைத் துணி சுற்றி அடைத்து, மொட்டை மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் கட்டி வைத்தோம். உள்ளே தளத்தின் அடியில் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி வைத்திருந்தோம். தளம் ஈரம் விட்டிருந்தால் தாளுக்குள் துளி கட்டியிருக்கும். கட்டவில்லை. மாடி நிரபராதி.

குழாய் வேலையை ஏசி மெக்கானிக் முடித்தார். நெளி ஹோஸை எடுத்துவிட்டு வாட்டம் கொடுத்து பிவிசி குழாய், ஜாயின்டு வரை மூடிய ஃபோம், சுவர்த் துளையை வெளிப்பக்கம் சாயும்படி திருத்திச் சுற்றிலும் சீலன்ட். இது முடியும்வரை சீலிங்கில் ஒரு கரண்டி பட்டிகூட வைக்கவில்லை. பெயின்டருக்கு இது எரிச்சல்தான். அவருக்கு அடுத்த வேலை காத்திருந்தது.

எவ்வளவு வெட்டுவது

ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் அது கல்லோடு கல்லாகக் கட்டுண்ட தண்ணீர். தீப்பிடித்தால் அது ஆவியாக வெளியேறி நெருப்பைத் தாமதப்படுத்தும், போர்டின் பெரிய நன்மையே அதுதான். வெளியிலிருந்து வரும் தண்ணீர் வேறு ரகம். போர்டின் பலம் பாதிக்கு மேல் இரண்டு முகத்திலும் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. நனைந்தால் தாள் உள்ளேயிருக்கும் ஜிப்சத்தை விட்டுக் கழன்றுவிடும். காய்ந்தபின் கெட்டியாகத் தெரியலாம், ஆனால் தொய்ந்த போர்டு நிமிராது. ஸ்க்ரூ அடித்து மேலே இழுக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. இழுத்தால் ஸ்க்ரூத் தலை தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும், அவ்வளவுதான்.

எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்பதைக் கண் சொல்லாது, கட்டைவிரல் சொல்லும். கறையின் நடுவிலிருந்து வெளியே ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டு வந்தோம். நடுவில் விரல் புதைந்தது. கொஞ்சம் தள்ளி, விரலைப் பக்கவாட்டில் தேய்த்தால் பெயின்ட்டோடு தாள் அப்படியே நகர்ந்தது. இந்த இடம்தான் ஏமாற்றும். தட்டினால் கெட்டியான சத்தம் வரும், தேய்த்தால் தோல் கழலும். தாள் நகராத இடம் வந்ததும் பென்சிலால் புள்ளி வைத்தோம். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால், கறையைவிட எல்லாப் பக்கத்திலும் அரையடி பெரிதாக வந்தது. பூஞ்சைக் கரும்புள்ளியும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பூஞ்சை பிடித்த தாளை பிளீச்சிங் போட்டுத் துடைத்து வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு வெட்டி எடுத்துவிடுவதே சரி.

ஆனால் அந்தக் கோட்டிலும் வெட்டவில்லை. ஒட்டுப் போடும் துண்டின் விளிம்பு அந்தரத்தில் நின்றால் என்ன பூசினாலும் அது விரிசல் விடும். விளிம்பு செக்‌ஷனின் (போர்டை ஸ்க்ரூ அடித்து மாட்டும் இரும்புச் சட்டத்தின்) நடுவில் வந்து உட்கார வேண்டும், பழைய போர்டுக்கு ஒரு அங்குலம், புதுசுக்கு ஒரு அங்குலம். பெயின்ட்டுக்கு மேலேயிருந்து செக்‌ஷன் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். ஸ்க்ரூத் தலை இருக்கும் இடமெல்லாம் கப்பென்று பிடிக்கும், புள்ளிகள் ஒரே வரிசையில் வரும்.

அந்த வரிசைகளை அளந்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. செக்‌ஷன் 457 மில்லிமீட்டருக்கு ஒன்று, அதாவது 18 அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டும். இங்கே 24 அங்குலத்துக்கு ஒன்று. இரும்பில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். காய்ந்த போர்டு அதைத் தாங்கிக்கொண்டது, நனைந்த போர்டு தாங்கவில்லை. அரை அங்குல போர்டு சதுர மீட்டருக்கு எட்டு ஒன்பது கிலோ கனக்கும், ஈரம் ஏறினால் இன்னும் கூடும்.

ஆக, ஒரு பக்கம் சுவரோரப் பெரிமீட்டர் சேனல், மற்ற இரண்டு பக்கம் செக்‌ஷன், நான்காவது பக்கம் குறுக்கே. நாலடிக்கு மூன்றடியாக வெட்டினோம். "ரெண்டடி கறைக்கு இவ்ளோ பெரிய ஓட்டையா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டது நியாயமான கேள்வி. போர்டு 6க்கு 4 அடி முழுத் தாளாகத்தான் கிடைக்கும். சின்னதாக வெட்டினாலும் பெரிதாக வெட்டினாலும் ஒரு தாள் வாங்கியே ஆக வேண்டும், கூலியும் ஏறக்குறைய அதேதான்.

உள்ளே இருந்த இரும்பு

திறந்ததும் பார்த்த இன்னொரு விஷயம் துரு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) செக்‌ஷனின் முகப்பு நன்றாகவே இருந்தது, வெட்டிய முனைகளிலும் ஸ்க்ரூத் துளைகளிலும் மட்டும் செம்பழுப்பு. வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு இருக்காது, உப்புக்காற்று அங்கேதான் முதலில் பல் வைக்கும். கறுப்பு ஸ்க்ரூக்கள் தலையோடு கையில் வந்தன. இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கறுப்பு ஸ்க்ரூவைத் தவிர்த்து, துத்தநாகம் பூசியதை வாங்குவதே நல்லது. விலை வித்தியாசம் பெரிதில்லை. துருப்பிடித்த முனைகளைக் கம்பி பிரஷால் தேய்த்து சிங்க் பிரைமர் தடவினோம். சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கும் தொங்கு பட்டிகளில் ஒன்று ஆட்டம் கொடுத்தது, அதைப் புது ஃபாஸ்னர் போட்டுத் தளத்தில் இறுக்கினோம். அதன் பிறகு 24 அங்குல இடைவெளிகளின் நடுவில் ஒவ்வொரு செக்‌ஷன், போர்டின் குறுக்கு விளிம்புக்கு அடியில் துண்டுகள். கீழேயிருந்து யாருக்கும் தெரியாத இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

போர்டு, செக்‌ஷன் எல்லாம் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் வாங்கி மீன்பாடி வண்டியில் வந்தது. போர்டைப் படுக்கையாகத் தூக்கினால் தன் கனத்திலேயே நடுவில் மடங்கும், விளிம்பில் நிறுத்தித்தான் தூக்க வேண்டும். சந்து வளைவும் மாடிப்படியும் குறுகல் என்பதால் வாசலிலேயே அளவுக்கு வெட்டி மேலே ஏற்றினோம். பச்சை முகம் கொண்ட ஈரம் தாங்கும் போர்டு போடலாமா என்று வீட்டுக்கார அம்மாவின் மகன் கேட்டார். காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது நல்லது, குளியலறைக்குக் கட்டாயம் போடலாம். மேலேயிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீரை எந்த போர்டும் தாங்காது. இங்கே சாதா போர்டே போதும் என்றேன். கனம் மட்டும் பழையதற்குச் சமமாக 12.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டு மேடாகவோ பள்ளமாகவோ நிற்கும்.

ஜாயின்டு

பெயின்டர் முன்பு வைத்த பிஓபி ஏன் நிற்கவில்லை என்பதை வெட்டி எடுத்த துண்டே காட்டியது. டேப் இல்லை. விரிசல் மேல் நேராக பிஓபி, அதன் மேல் சிமென்ட் பட்டி. இரண்டுமே காய்ந்தால் கல். சீலிங் நாள் முழுக்க மயிரிழை அளவுக்கு அசைந்துகொண்டே இருக்கும், ஏசி போட்டால் சுருங்கும், அணைத்தால் விரியும். கல்லால் அசைய முடியாது, ஆகவே பிளக்கும். சுவருக்குப் பார்க்கும் பட்டி சுவருக்கு மட்டும்தான். ஜிப்சம் ஜாயின்டுக்கு அதற்கென்று இருக்கும் காம்பவுண்டும் டேப்பும் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

புதுத் துண்டைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினோம். இறுக்கமாகத் திணித்தால் விளிம்புத் தாள் சுருண்டு மேடாகும். விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 25 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. ஸ்க்ரூத் தலை தாளைக் கிழிக்காமல் லேசாகக் குழிய வேண்டும். கிழிந்தால் அந்த ஸ்க்ரூ செத்தது, ஒரு அங்குலம் தள்ளி இன்னொன்று போட வேண்டும். அப்புறம் வெட்டிய விளிம்புகளைக் கட்டரால் சாய்வாகச் சீவினோம். கம்பெனி போர்டின் நீள விளிம்பு மெலிந்து வரும், டேப் உட்காருவதற்கான பள்ளம் அது. நாம் வெட்டிய விளிம்பில் அந்தப் பள்ளம் கிடையாது.

இடைவெளியில் காம்பவுண்டை அழுத்தி நிரப்பி, அது இறுகியபின் மேலே மெல்லியதாக ஒரு கோட்டு தடவி, ஈரத்தோடு காகித டேப்பை நடு மடிப்பு ஜாயின்டின் மேல் வரும்படி ஒட்டி, பட்டி பிளேடால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்தோம். டேப்புக்கு அடியில் காற்று நின்றால் நாளைக்கு அது கொப்புளம். அதன் மேல் இரண்டு கோட்டு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. கடைசிக் கோட்டு ஓர் அடி அகலம் வரை போனது. வெட்டிய விளிம்பில் மேட்டைத் தவிர்க்க முடியாது. அதை ஓர் அடிக்குப் பரத்திவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கோட்டுக்குக் கோட்டு ஒரு ராத்திரி காய விட்டோம். அதற்குள் அடுத்ததைப் பூசு என்று அவசரப்படுத்தும் வீட்டுக்காரர்கள் உண்டு. இந்த அம்மா படுக்கையைக் கீழே மாற்றிக்கொண்டு பொறுமையாக இருந்தார்.

180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தபின் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோரமாக சீலிங்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் அந்தச் சாய் வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். மிச்சமிருந்த பழைய கறை விளிம்புக்கு எண்ணெய் அடிப்படையிலான பிரைமர் அடித்தோம். தண்ணீர் பிரைமர் அடித்தால் பழுப்பு அதிலேயே கரைந்து மேலே வந்துவிடும், எத்தனை கோட்டு எமல்ஷன் அடித்தாலும் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஒட்டுக்கு மட்டுமில்லாமல் சீலிங் முழுக்கவே பெயின்ட். பழைய வெள்ளையும் புது வெள்ளையும் ஒரு நாளும் ஒத்துப் போகாது.

ஃபேன் விரிசல்

இதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. ஃபேன் தளத்துக் கொக்கியில்தான் தொங்கியது, அதுவரை சரி. ஆனால் ராடு போகும் துளையை ராடு அளவுக்கே போட்டிருந்தார்கள், ராடு நுழையும் துளையை மூடும் கிண்ணமும் போர்டில் அழுந்தி நின்றது. ஃபேன் ஆடும்போதெல்லாம் போர்டைத் தட்டியிருக்கிறது. ஃபேனை இறக்கி, விரிசல் விட்ட பகுதியை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் செக்‌ஷன் துண்டு கொடுத்துப் புதுத் துண்டை மாட்டினோம். ராடைச் சுற்றி அரை அங்குலம் இடம் விட்டு, கிண்ணம் போர்டைத் தொடாமல் ஒரு நூல் கீழே நிற்கும்படி வைத்தோம்.

அதற்குப் பிறகு

ஏசி ஜாயின்டுக்கு நேர் கீழே, அலமாரிக்கு மேலே, ஒன்றரை அடிச் சதுரத்தில் திறக்கும் கதவு ஒன்று வைத்தோம். அழகு கெடும் என்று முதலில் மறுத்த வீட்டுக்கார அம்மா, சர்வீஸுக்கு வருபவன் மேலே எட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் ஒத்துக்கொண்டார். குழாய் ஓடும் எந்த ஃபால்ஸ் சீலிங்குக்கும் கதவு வேண்டும் என்பது என் கட்சி.

வேலை முடிகிற சமயத்தில், முன்கட்டு மெட்ராஸ் டெரஸுக்கும் இதே போல சீலிங் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் நெருக்கி அடுக்கிய கூரை அது. கட்டை சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கரையானும் முதலில் வரும். கீழே போர்டை மாட்டி மறைத்துவிட்டால் கட்டை உளுத்து உட்காரும்வரை யாருக்கும் தெரியாது. கட்டைகளைச் சுரண்டி வார்னிஷ் அடிக்கச் சொன்னேன். அதை இன்னும் அடிக்கவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழை பகல் முழுக்க அடித்தது. மறுநாள் மகன் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, படம் அனுப்பினார். காய்ந்திருந்தது. எனக்குப் பெரிய சோதனை அதுவல்ல, 2025 மே மாதம். அதிலும் கறை வரவில்லை. ஃபேனுக்கு அந்தப் பக்கம், நாங்கள் தொடாத பழைய ஜாயின்டு ஒன்றில் மட்டும் மெல்லிய கோடு தெரிகிறது. அங்கேயும் டேப் இருக்காது. அடுத்த பெயின்ட்டிங்குக்கு முன் அதைக் கீறித் திறந்து டேப் வைக்க வேண்டும்.